முழங்கால் ஜவ்வுக் கிழிசல்: ஆபரேஷனா, பிசியோதெரபியா?

நாற்பது தாண்டியவர் முழங்கால் வலிக்கிறது என்று எம்.ஆர்.ஐ. எடுத்தால், ‘ஜவ்வு கிழிந்திருக்கிறது’ என்று ரிப்போர்ட் வருவது சகஜம். (ஜவ்வு என்று இங்கே சொல்வது, மூட்டு எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் ‘மெனிஸ்கஸ்’.) அதற்கப்புறம் இரண்டு வழிகள். சின்னத் துளை போட்டு, கிழிந்த பகுதியை வெட்டி எடுக்கும் ஆர்த்ரோஸ்கோபி ஒன்று. சில மாதம் பிசியோதெரபி இன்னொன்று. நான் இரண்டாவதைத்தான் எடுத்தேன். அதனால் இந்த அலசல் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

தெரிந்த விஷயங்களைச் சட்டென்று முடித்துவிடலாம். ஆபரேஷன் சீக்கிரம் முடியும், பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். செலவு அதிகம். தொற்று, ரத்தக்கட்டு போன்ற ஆபத்துகள் அபூர்வம்தான், ஆனால் உண்டு. பிசியோ மெதுவானது, சலிப்பூட்டுவது. வலிக்கிற காலையே மடக்கு, நீட்டு என்பார்கள்.

ஆபரேஷனுக்கு இருக்கும் பெரிய பலம், செய்துகொண்டவர்களின் வாய்மொழிதான். ‘செய்தேன், சரியாகிவிட்டது’ என்பார்கள். பொய் இல்லை, நிஜமாகவே சரியாகிறது. ஆனால் வெட்டி எடுத்ததால்தான் சரியானதா? இதற்கு விடை காண ஆராய்ச்சியாளர்கள் செய்த வேலை அபாரமானது.

2002-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில், மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரை வைத்து ஒரு ஆய்வு வெளியானது. யாருக்கு எந்த சிகிச்சை என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. அதில் ஒரு பிரிவினருக்கு நடந்தது வெறும் போலி ஆபரேஷன். தோலில் கீறல் போட்டார்கள். மருத்துவர் வழக்கம்போல் கருவிகளைக் கேட்டு வாங்கினார், காலை அசைத்தார். மூட்டைக் கழுவும் சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காக உப்பு நீரைச் சலசலக்கவும் விட்டார்கள். மூட்டுக்குள் எதுவும் செய்யவில்லை. இரண்டு ஆண்டுகள் கவனித்ததில், நிஜ ஆபரேஷன் ஆனவர்கள் இவர்களைவிட எந்த விதத்திலும் மேலாக இல்லை.

சரி, அது தேய்மானம், கிழிசலுக்கு வேறு கணக்கு இருக்கலாமே என்று கேட்கலாம். 2013-ல் பின்லாந்தில், தேய்மானம் இல்லாமல் ஜவ்வு மட்டும் கிழிந்த 146 பேரிடம் இதே மாதிரிப் பரிசோதனை நடந்தது. ஓராண்டு கழித்து இரு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இரண்டு பிரிவிலும் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டோர், ‘மறுபடியும் இதே சிகிச்சைக்குச் சம்மதிப்பேன்’ என்றார்கள். போலி ஆபரேஷன் ஆனவர்களும்தான்! அன்றிலிருந்து வாய்மொழிச் சான்றை நான் எடைபோடும் விதமே மாறிவிட்டது.

ரிப்போர்ட்டில் வரும் ‘கிழிசல்’ என்ற சொல்லுக்கும் அளவுக்கு மீறிப் பயப்பட வேண்டாம். அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாமில் 991 பேருக்கு முழங்கால் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியோ இறுக்கமோ இருந்ததே இல்லை.

எல்லாம் சரி, என் முடிவைத் தீர்மானித்தது இவை எதுவும் இல்லை; பின்வாங்க முடியுமா என்ற கேள்விதான். நெதர்லாந்தில் ஒன்பது மருத்துவமனைகளில் 321 பேரை வைத்து நடந்த ஆய்வில் பாதிப் பேர் ஆபரேஷனுக்கும், பாதிப் பேர் எட்டு வாரங்களில் 16 முறை பிசியோவுக்கும் போனார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, பிசியோ பிரிவு ஆபரேஷன் பிரிவுக்குப் பின்தங்கவில்லை. ஆனால் பிசியோ பிரிவில் 29 சதவீதம் பேர் இடையில் ஆபரேஷனுக்கு மாறிவிட்டார்கள். ஆபரேஷன் பக்கம் பேசுபவர்கள் இந்த எண்ணைத்தான் நீட்டுவார்கள்: ‘பார், பத்தில் மூன்று பேருக்குக் கடைசியில் வெட்டத்தானே வேண்டியிருந்தது?’

நான் அதே எண்ணை மறுபக்கத்திலிருந்து வாசிக்கிறேன். பத்தில் ஏழு பேர் கத்தி படாமலே தப்பித்தார்கள். மாறிய மூவருக்கும் கதவு திறந்துதான் இருந்தது. ஆபரேஷனில் தொடங்கியவருக்கு அந்த வசதி கிடையாது. வெட்டிய ஜவ்வு பழையபடி வளராது. உடல் எடையைத் தொடைஎலும்புக்கும் கால் எலும்புக்கும் இடையே பரப்பித் தாங்குவது அதுதான். இரண்டு வழியும் ஏறக்குறைய ஒரே இடத்தில் கொண்டுபோய் விடுமென்றால், திரும்பிவர முடிகிற வழியில் முதலில் போவதுதான் எனக்குப் புத்திசாலித்தனமாகப் பட்டது. 2017-ல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ வெளியிட்ட வழிகாட்டுதலும், தேய்மானம் சார்ந்த முழங்கால் கோளாறு உள்ள ஏறக்குறைய எல்லோருக்கும் ஆர்த்ரோஸ்கோபி வேண்டாம் என்றே அழுத்தமாகச் சொன்னது.

இந்த வாதத்தில் ஓட்டைகளும் உண்டு. போலி ஆபரேஷனை மறைக்கலாம், உடற்பயிற்சியை மறைக்க முடியாது. தனக்கு என்ன சிகிச்சை என்று தெரிந்தேதான் நெதர்லாந்தில் எல்லோரும் பதில் சொன்னார்கள். அப்புறம், வெட்டினால் மூட்டு சீக்கிரம் தேயுமா என்பதிலும் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. ஐந்து ஆண்டு கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் தேய்மானம் ஆபரேஷன் தரப்பில் சற்றுக் கூடுதல் என்றது பின்லாந்து ஆய்வு. இரு தரப்பும் ஒன்றுபோலத்தான் என்றது நெதர்லாந்து ஆய்வு. அதனால் ‘வெட்டினால் மூட்டு கெட்டுவிடும்’ என்று பயமுறுத்த நான் தயாரில்லை.

இதுவரை சொன்னது வயதோடு வரும் கிழிசலுக்கு. கிழிந்த துண்டு மூட்டுக்குள் சிக்கி, காலை நீட்டவே முடியாமல் பூட்டிக்கொண்டால் கதை வேறு. உடனே அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டும். நெதர்லாந்து ஆய்விலும் அப்படிப்பட்டவர்களைச் சேர்க்கவில்லை. விளையாடும்போது அடிபட்ட இளைஞர்களுக்கு ஜவ்வை வெட்டாமல் தைப்பது என்ற மூன்றாவது வழியும் இருக்கிறது. அதில் எனக்கு அனுபவம் இல்லை.

என்னைப் பொறுத்தவரை வலி போய்விட்டது, படி இறங்கும்போது மட்டும் எப்போதாவது எட்டிப்பார்க்கும். பிசியோவால் போனதா, நாள்பட்டுத் தானாகப் போனதா என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. ஒரே ஒரு முழங்காலை வைத்துக் குலுக்கல் நடத்த முடியாதே!