தொங்கும் மரக் கேட்டுக்குக் கம்பி செட்: வாங்கலாம், ஆனால் முதலில் டேப்பை எடுங்கள்

மரக் கேட்டின் தொங்கலை நிமிர்த்த விற்கும் கம்பி செட் நல்ல சாமான்தான். ஆனால் ஒரே ஒரு கோளாறுக்குத்தான் அது மருந்து. வாங்கும் முன் கேட்டை மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு வாட்டத்திலும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே அளவென்றால் சட்டம் நேராகத்தான் இருக்கிறது. பிசகு கீலிலோ தூணிலோ. கீல் பக்க மேல் மூலையிலிருந்து தாழ்ப்பாள் பக்கக் கீழ் மூலைக்கு வரும் அளவு மற்றதைவிட 10, 15 மி.மீ. கூடியிருந்தால் சட்டம் இறங்கிவிட்டது என்று பொருள். அப்போது வாங்குங்கள்.

பெட்டிக்குள் மூலைத் தகடு இரண்டு, கம்பிக் கயிறு, இறுக்குவதற்கு டர்ன்பக்கிள், கிளாம்புகள், ஒரு பொட்டலம் ஸ்குரூ. இந்த ஸ்குரூதான் செட்டின் பலவீனம். 20, 25 மி.மீ. நீளமே இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். 45 மி.மீ. சட்டத்துக்கு 40 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ போட வேண்டும். ஓட்டை போட்டுத்தான் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஓரத்தில் மரம் பிளக்கும். பெங்களூரில் இரும்புச் சாமான் கடைகள் இருக்கும் எஸ்.ஜே.பி. ரோடு பக்கம் போகிறவர்கள் சாமான்களைத் தனித்தனியாகவே பொறுக்கிக்கொள்ளலாம். தடித்த தகடாகப் பார்த்து எடுக்க முடியும்.

மாட்டும் திசையில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். கம்பி இழுக்கும், தள்ளாது. ஆகவே கீல் பக்கத்து மேல் மூலையில் தொடங்கி எதிர்ப் பக்கத்துக் கீழ் மூலையில் முடிய வேண்டும். மாற்றி மாட்டி இறுக்கினால் கேட் இன்னும் இறங்கும். தாழ்ப்பாள் பக்கத்துக்கு அடியில் ஆப்பு வைத்து, மட்டத்துக்கு மேல் 5 மி.மீ. தூக்கி நிறுத்துங்கள். டர்ன்பக்கிளை முழுக்கத் திறந்து வைத்த பிறகே கம்பியைக் கோக்க வேண்டும்; பாதி மூடிய நிலையில் கோத்தால் இறுக்க இடமிருக்காது. கிளாம்பின் வளைந்த போல்ட், மடக்கிய கம்பியின் வெட்டு முனைப் பக்கம் உட்கார வேண்டும், பளு தாங்கும் பக்கத்தில் அல்ல. அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்குங்கள். கம்பி ஒரு முகத்தில் மட்டும் ஓடுவதால், ஆசைப்பட்டு முறுக்கினால் கேட்டே முறுகிக்கொள்ளும். முடிந்ததும் மெல்லிய கம்பியால் டர்ன்பக்கிளைக் கட்டிவிடுங்கள், தானாகக் கழலாது. ஐந்தடிக்கு மேல் அகலமான கேட்டுக்கு இது போதாது. அடியில் சக்கரம்தான் வழி.

கீல் ஸ்குரூ ஆடினால் ஓட்டையில் மரக்குச்சியும் பசையும் திணித்து, காய்ந்ததும் புதிதாகத் துளையிடுங்கள். மேல் கீலுக்கு ஊடுருவும் 8 மி.மீ. போல்ட் இன்னும் நல்லது, இழுப்பு முழுக்க அங்கேதான். சிமெண்ட் தூணில் கீலைப் பிடிக்கப் பதித்த இரும்புப் பட்டை (ஹோல்டுபாஸ்ட்) அசைந்தால் சுற்றிலும் கொத்தி, ஒன்றுக்கு மூன்று சிமெண்ட் மணல் கலவையால் அடைத்து, 7 நாள் தண்ணீர் விட்ட பிறகு கேட்டை மாட்டுங்கள். தூணே சாய்ந்திருக்கிறதா என்பதைத் தூக்குக் குண்டு சொல்லிவிடும். சாய்ந்திருந்தால் அஸ்திவாரத்தைத் தோண்டுவதுதான், செட்டைத் திருப்பிக் கொடுங்கள்.

பெங்களூரில் செப்டம்பர், அக்டோபர் மழையில் கேட் உரசத் தொடங்கினால் இழைப்புளியைத் தொடாதீர்கள். மரம் ஊறியிருக்கிறது. அப்போது சீவினால் பிப்ரவரியில் தாழ்ப்பாள் எட்டாது.

கம்பி கண்ணை உறுத்துகிறது என்பவர்கள் குறுக்குச் சட்டம் அடிக்கலாம். மரம் தாங்குவது தள்ளுவிசையை. அதனால் திசை நேர் எதிர், கீல் பக்கக் கீழ் மூலையிலிருந்து தாழ்ப்பாள் பக்க மேல் மூலைக்கு.