மாடித் தக்காளிக்குச் சொட்டுநீர்த் தொகுப்பு: வாங்கும் முன் தொட்டியின் உயரத்தைப் பாருங்கள்

சென்னையில் மாடித்தோட்டத்திற்குச் சொட்டுநீர்த் தொகுப்பு வாங்குவோர் பலரும் விலையையும் சொட்டுவான்களின் (செடிதோறும் நீரைச் சொட்டவிடும் சிறு முனைகளின்) எண்ணிக்கையையும்தான் பார்க்கிறார்கள். அவற்றுக்கு முன்பே பார்க்க வேண்டியது, தண்ணீர் என்ன அழுத்தத்தில் வருகிறது என்பதை. சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீருக்குத்தான் 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் இருக்கும். மொட்டை மாடியிலேயே நிற்கும் தொட்டிக்கும் செடிப்பைக்கும் இடையே பெரும்பாலும் 2 மீட்டர்கூட இருப்பதில்லை. அழுத்தத்தைத் தானே சீர்படுத்திக்கொள்ளும் வகைச் சொட்டுவான்கள் தரமானவைதான் என்றாலும், இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் அவை ஒழுங்காகச் சொட்டுவதில்லை.

ஆகவே 16 மி.மீ. கறுப்புக் குழாய், 4 மி.மீ. கிளைக்குழாய்கள், தலையைத் திருகி அளவைக் கூட்டிக் குறைக்கும் சொட்டுவான்கள் அடங்கிய எளிய தொகுப்பு ஒன்றைப் பாரிமுனையில் வாங்கினேன். தை மாதம் நட்ட தக்காளிக்கு அக்கினி நட்சத்திரம் வரை அதுவே தண்ணீர் விட்டது. எனக்கு முழுத் திருப்தி. பூட்டியவுடன் ஒவ்வொரு சொட்டுவானின் கீழும் ஒரு டம்ளரை வைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது, தொட்டிக்கு அருகில் இருந்த டம்ளர் நிறைந்திருந்தது, கடைசி டம்ளரில் பாதிதான் இருந்தது. முன்னால் இருப்பவற்றைச் சற்று இறுக்கியதும் இரண்டும் ஏறக்குறைய சமமாயின.

தக்காளிக்கு இந்தச் சீர்மை மிகவும் முக்கியம். காயவிட்டுப் பிறகு ஒரேயடியாகத் தண்ணீர் ஊற்றினால் காய் வெடிக்கும். ஈரம் ஏறி இறங்கும்போது சுண்ணாம்புச் சத்து காய்க்குச் சரிவரப் போய்ச் சேராமல் அதன் அடிப்பகுதி கறுத்து அழுகும். முட்டை ஓட்டுத் தூளை எவ்வளவு போட்டாலும் நீர் சீராக இல்லையென்றால் இந்த அழுகல் நிற்காது. தென்னை நார்க்கழிவு கலந்த பைகளுக்குக் காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டதில் அடி கறுத்த காய்கள் வெகுவாகக் குறைந்தன.

குறைகளும் உண்டு. வடிகட்டி தொகுப்பில் இல்லை. 120 மெஷ் (அங்குலத்துக்கு 120 கண்கள் கொண்ட வலை) வடிகட்டியைத் தனியாக வாங்க வேண்டியிருந்தது. உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்பதால் சொட்டுவான்களின் வாயில் வெள்ளையாகப் படிவதை வடிகட்டியாலும் தடுக்க முடியவில்லை. அவற்றை அவ்வப்போது கழற்றி வினிகரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். வெயிலில் குழாய் இளகுவதால் சில இணைப்புகள் கழன்றும் விடுகின்றன.

டைமர் சேர்ப்பதாக இருந்தால், பந்து வால்வு (உள்ளே துளையுள்ள பந்து திரும்பித் திறந்து மூடும்) வகையா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். மின்காந்தத்தால் இயங்கும் சொலினாய்டு வால்வுகளில் பெரும்பாலானவை திறந்து மூடுவதற்கே ஓரளவு அழுத்தம் வேண்டும். மாடித் தொட்டியிலிருந்து அது கிடைக்காது. மோட்டாரிலிருந்து நேரடியாக இணைப்புக் கொடுக்க வசதியுள்ளவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அவர்கள் அழுத்தம் சீர்படுத்தும் சொட்டுவான்களையே தாராளமாக வாங்கலாம்.