டோக்கியோவை எந்த உயரத்திலிருந்து பார்ப்பது?

டோக்கியோவின் நிஷிகசாய் பகுதியில் வீடு என்றால், ஊரிலிருந்து வருகிறவர்களை டோக்கியோ சுற்றிக் காட்டும் வேலையும் கூடவே ஒட்டிக்கொள்ளும். வந்தவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "அந்தப் பெரிய டவருக்குப் போகணும்." எந்த டவர் என்று கேட்டால் விழிப்பார்கள். நான் திரும்பத் திரும்ப ஆட்களை அழைத்துப் போனது நான்கு இடங்களுக்கு: ஸ்கைட்ரீ, டோக்கியோ டவர், ஷிபுயா ஸ்கை, அப்புறம் ஷின்ஜுகுவில் உள்ள மாநகர அரசுக் கட்டடம்.

உயரத்தில் ஸ்கைட்ரீயை அடிக்க ஆளில்லை. 634 மீட்டர். ஆறு, மூன்று, நான்கு என்பதை ஜப்பானியத்தில் 'மு-சா-ஷி' என்று வாசிக்கலாம். முசாஷி என்பது இந்தப் பகுதியின் பழைய பெயர். 2012 மே மாதம் திறந்தார்கள். லிஃப்ட் 50 நொடியில் 350 மீட்டர் ஏறிவிடும், காது லேசாக அடைக்கும். போன முறை சித்தப்பாவும் சித்தியும் வந்திருந்தார்கள். சித்தப்பா முதல் பத்து நிமிடம் "அடேயப்பா" போட்டார், பதினோராவது நிமிடம் உட்கார இடம் தேடினார். கண்ணாடித் தரை பக்கம் வந்ததும் சித்தி சுவரைப் பிடித்துக்கொண்டு ஓரமாகவே போனார். அதே கண்ணாடி மேல் இரண்டு வாண்டுகள் குப்புறப் படுத்துக் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

சித்தப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். 350 மீட்டரில் ஊர் வரைபடமாகிவிடுகிறது. சுமிதா ஆறு தெரியும், அதன் பாலங்கள் தெரியும், மனிதர்கள் தெரியமாட்டார்கள். இன்னும் கொஞ்சம் பணம் கட்டி 450 மீட்டருக்குப் போனால் வரைபடம் இன்னும் சின்னதாகும், அவ்வளவுதான். முதல் தளத்துக்கே ஆளுக்கு இரண்டாயிரம் யென்னுக்கு மேல் ஆகிறது. குடும்பமாகப் போனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

டோக்கியோ டவர் இதில் பாதி உயரம்தான், 333 மீட்டர். 1958 டிசம்பரில் திறந்தது. கொரியப் போரில் அடிபட்ட அமெரிக்க டாங்கிகளின் இரும்பும் இதில் சேர்ந்திருக்கிறது. ஆரஞ்சும் வெள்ளையுமாக இருப்பது அழகுக்காக அல்ல, விமானப் போக்குவரத்துச் சட்டத்துக்காக. முக்கியத் தளம் 150 மீட்டரில் இருக்கிறது. எனக்குப் பிடித்த உயரம் இதுதான். கீழே ஜோஜோஜி கோயிலின் கூரை விரிந்து கிடக்கும். ஒரு காலத்தில் ஜப்பானை ஆண்ட தோகுகவா வம்சத்து ராணுவ ஆட்சியாளர்கள், அதாவது ஷோகுன்கள், ஆறு பேரை அடக்கம் செய்த கோயில் அது. அதற்கு அந்தப் பக்கம் ரயில்கள் ஒன்றையொன்று முந்திப் போகும். சித்தப்பா இங்கே முக்கால் மணி நேரம் நின்றார். "அந்த ஆள் குடையை விரிக்கிறான் பாரு" என்று காட்டினார். ஸ்கைட்ரீயில் அப்படிக் காட்ட எதுவும் அகப்படவில்லை. காலில் தெம்பிருந்தால், படி திறந்திருக்கும் நாளாகப் பார்த்துப் போய் வெளிப்புறப் படியில் ஏறலாம். சுமார் 600 படிகள். ஏறும்போது இரும்புச் சட்டங்களுக்கு நடுவே காற்று முகத்தில் அடிக்கும், லிஃப்டில் போகிறவர்களுக்கு அது கிடைக்காது.

இந்த இரண்டு கோபுரத்துக்கும் 2011 மார்ச் 11 ஒரு பரீட்சை. அன்றைய நிலநடுக்கத்தில் டோக்கியோ டவரின் உச்சி ஆன்டெனா வளைந்துபோனது. அப்போது கட்டிக்கொண்டிருந்த ஸ்கைட்ரீ தப்பித்து, ஒரே வாரத்தில், மார்ச் 18 அன்று, 634 மீட்டரைத் தொட்டது. அதன் நடுவே ஒரு கான்கிரீட் தூண் நிற்கிறது. பழைய ஐந்தடுக்குப் பகோடாக்களில், அதாவது புத்தக் கோயில் கோபுரங்களில், நடுவில் நிற்கும் மரத்தூணின் பெயரையே, 'ஷிம்பஷிரா' என்று, இதற்கும் வைத்திருக்கிறார்கள். கோபுரம் ஒரு பக்கம் ஆடினால் தூண் வேறு கதியில் ஆடி அந்த ஆட்டத்தை அடக்கும். அதனால் ஸ்கைட்ரீயைக் கட்டுமானமாக ரசியுங்கள் என்பேன், கீழே நின்று.

ஷிபுயா ஸ்கை புதுசு, 2019 நவம்பர். 229 மீட்டர் உயரத்தில் திறந்த மொட்டை மாடி, கண்ணாடிக்குப் பின்னால் அடைபட்ட உணர்வு இல்லை. பை, தொப்பி எல்லாவற்றையும் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். கீழே அந்தப் பேர்பெற்ற நாற்சந்தி. சிக்னல் விழுந்ததும் எல்லா முனையிலிருந்தும் ஆட்கள் இறங்குவது, அஞ்சறைப் பெட்டியைத் தட்டிவிட்டதுபோல, கடுகும் மிளகும் கலந்து உருளும். ஆனால் சூரியன் மறையும் நேரத்து டிக்கெட் சீக்கிரமே தீர்ந்துவிடும். காற்று பலமாக அடித்தால் மாடியை மூடிவிடுவார்கள். திட்டம் போட்டு நடக்கிறவர்களுக்குச் சரி, எங்கள் வீட்டுக் கூட்டத்துக்குச் சரிவராது.

மிச்சம் மாநகர அரசுக் கட்டடம். கென்ஸோ தாங்கே வடிவமைத்தது. 45ஆவது மாடியில், 202 மீட்டர் உயரத்தில் பார்வைக்கூடம். கட்டணம் கிடையாது. பையைச் சோதித்து லிஃப்டில் ஏற்றிவிடுவார்கள். தெற்குக் கூடத்தில் ஓவியர் யாயோய் குசாமாவின் மஞ்சள் நிறப் புள்ளிப் பியானோ ஒன்று உண்டு, வருகிறவர்கள் வாசிக்கலாம். ஒரு தடவை பள்ளிச் சீருடைப் பையன் ஒருவன் தட்டுத் தடுமாறி வாசித்து முடித்ததும் கூடமே கைதட்டியது. குறையும் உண்டு: கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும், இரவில் உள்விளக்கு அதில் பிரதிபலித்துப் படத்தைக் கெடுக்கும்.

ஃபூஜி மலை தெரிய வேண்டுமா? எந்தக் கோபுரம் என்பதைவிட எந்த மாதம் என்பதுதான் கேள்வி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, காலையில், வானம் வெளுத்திருந்தால் வாய்ப்பு அதிகம். கோடையில் வந்துவிட்டு டவரைத் திட்டக் கூடாது.

இப்போதெல்லாம் நான் போடும் திட்டம் இது. காலையில் தோச்சோமாயே ஸ்டேஷனில் இறங்கி அரசுக் கட்டடம். சாயங்காலம் அங்கிருந்தே ஓயெதோ பாதை ரயிலில் ஏறினால், மாறாமல் அகாபானேபாஷியில் இறங்கி டோக்கியோ டவர். ஸ்கைட்ரீக்கு இன்னொரு நாள், டிக்கெட் இல்லாமல்: அசாகுசா கோயிலைப் பார்த்துவிட்டு அஸுமா பாலத்தில் நின்றால், ஆற்றுக்கு அந்தப் பக்கம் முழுசாகத் தெரியும். சித்தப்பா அங்கே எடுத்த படத்தைத்தான் வாட்ஸ்அப் முகப்பில் வைத்திருக்கிறார்.