ஃபெட் சிமுலேஷன் vs என் ஸ்லைடுங்க: ஒரு வாத்தியாரோட ரிவ்யூ

மூணு வருஷமா ஃபெட் (PhET) சிமுலேஷன், அதாவது நாமளே நம்பர மாத்தி மாத்தி ஓட்டிப் பாக்கற கம்ப்யூட்டர் பரிசோதனை, வச்சு பிசிக்ஸ் எடுக்கறேன், நல்லா இருக்கான்னு கேக்கறவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் பதில் சொல்றதுக்கு ஒரேயடியா எழுதிடலாம்னு உக்காந்தேன். அமெரிக்காவுல கொலராடோ பல்கலைக்கழகத்துல கார்ல் வீமன்ங்கற பிசிக்ஸ் விஞ்ஞானி 2002ல ஆரம்பிச்சது, அதுக்கு முந்தின வருஷம்தான் மனுஷன் நோபல் வாங்கிருந்தாரு. ஃப்ரீ, லாகின் கூட வேணாம், பிரவுசர்லயே ஓடும்.

முதல்ல எடுத்தது அதுல இருக்கற பெண்டுலம் லேப், நூல்ல குண்டு தொங்கி ஆடுமே அது. ரெண்டு பெண்டுலம், நீளம் ரெண்டும் 1 மீட்டர், ஒண்ணுல குண்டு அரை கிலோ இன்னொண்ணுல ஒன்றரை கிலோ. ப்ளே அமுக்காம, எது சீக்கிரம் போயிட்டு வரும் கை தூக்குங்கன்னேன். முக்கால்வாசி பேரு கனமானதுதான்னு தூக்கினாங்க. ப்ளே போட்டா ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டின மாதிரி ஆடுது, ஒரு தடவை போயிட்டு வர 2 செகண்ட். கிளாஸே கப்சிப். அப்ப கடைசி பெஞ்ச்ல இருந்து ஒருத்தன், "சார், அது கம்ப்யூட்டர் சார், உள்ள என்ன எழுதி வச்சிருக்காங்களோ அதைத்தான ஆடும்"னான்.

பதில் சொல்ல முடியலங்க, ஏன்னா அவன் சொன்னது சரி.

மறுநாள் நூலு, ஒரு சின்ன பூட்டு, ஒரு பெரிய பூட்டு எடுத்துட்டு போனேன். ஜன்னல் கம்பில கட்டி, பூட்டோட நடு வரைக்கும் 1 மீட்டர் அளந்து, அவன் கையிலயே ஸ்டாப்வாட்ச்ச குடுத்தேன். 10 ஆட்டத்துக்கு கிட்டத்தட்ட 20 செகண்ட், பெரிய பூட்டுக்கும் அதே கதை. அதுக்கப்புறம்தான் ஸ்க்ரீனுக்கு திரும்பி கிராவிட்டிய நிலாவுக்கு மாத்தினேன், 2 செகண்ட் 4.9 ஆச்சு. பூட்ட நிலாவுக்கு கொண்டு போக முடியாதுல்ல, சிமுலேஷனுக்கு வேலையே அங்கதான். கையில செய்ய முடியறத கையில செஞ்சிட்டு, முடியாதத இதுல பாருங்க, நேர் தலைகீழா பண்ணா பசங்க அதை வீடியோ கேம் மாதிரிதான் பாப்பாங்க.

ஃபெட்ல பேட்டரி, வயர், பல்பு எல்லாம் இணைச்சுப் பாக்கற சர்க்யூட் கிட்டும் அருமை, பேட்டரிய ஷார்ட் பண்ணா தீ பிடிக்கும், பசங்களுக்கு அது திருவிழா. அதுல நான் ரசிக்கற விஷயம் வேற: ஸ்விட்ச் போட்ட உடனே வயர் முழுக்க இருக்கற எலக்ட்ரான் எல்லாம் ஒண்ணா நகரும், பேட்டரில இருந்து கிளம்பி பல்புக்கு ஓடிப்போகுதுங்கற தப்பான நெனப்பு ஒரே நிமிஷத்துல காலி. ஆனா நிஜ வயர்ல எலக்ட்ரான் ஊர்ந்துதான் போகும், செகண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது, இதை வாயால சொல்லியே ஆகணும், சொல்லலன்னா பழைய தப்பு போயி புது தப்பு வந்து உக்காரும். லூஸ் கனெக்‌ஷன், துரு பிடிச்ச முனை இதெல்லாம் சிமுலேஷன்ல கிடையாது, நிஜ லேப்ல பாதி நேரம் அதோடதான மல்லுக்கட்டறோம்.

ஸ்லைடு பத்தி கேட்டா என் பாவத்தைத்தான் சொல்லணும். 40 நிமிஷ கிளாஸுக்கு 42 ஸ்லைடு போட்டவன் நானு, எழுத்து பறந்து வர்ற அனிமேஷனோட. போர்டுல எழுதறப்ப கை வலிக்கும், அதனாலயே மெதுவா போவோம், பசங்களும் கூடவே எழுதுவாங்க, ஸ்லைடுல அந்த பிரேக்கே இல்ல. இப்ப ஆறேழு ஸ்லைடுதான், படமும் கேள்வியும் மட்டும். பவர்பாயிண்ட்ல ஸ்லைடு ஓடறப்ப கீபோர்டுல 'பி' தட்டினா ஸ்க்ரீன் கருப்பாயிடும், எனக்கு இதான் இருக்கறதுலயே பெஸ்ட் ஃபீச்சர், எல்லா முகமும் டக்குனு நம்ம பக்கம் திரும்பும்.

நடுவுல காசு கட்டி ஒரு பாக்கேஜும் வாங்கினோம், பேரு வேணாம், சிமுலேஷன்னு சொல்லி வித்தாங்க, உள்ள பாத்தா தானா ஓடற வீடியோ, ஒரு நம்பரக்கூட மாத்த முடியாது. வாங்கறதுக்கு முன்னாடி நம்பர மாத்தற ஸ்லைடர் ஒண்ணையாவது இழுத்துப் பாத்துட்டு வாங்குங்க.

ஃபெட்டுக்கு 5க்கு 4. நெட்ட நம்பி மட்டும் கிளாஸுக்குள்ள போகாதீங்க, வேணுங்கற சிமுலேஷன முந்தின நாளே டவுன்லோட் பண்ணி வச்சிட்டா ஆஃப்லைன்லயே ஓடும், நூலும் பூட்டும் பையில இருக்கட்டும்.