பாங்காக்கில் எங்கே தங்கலாம்: பழைய நகரமா, சுகும்வித்தா, சீலோமா?

போன மாதம் சித்தப்பா மகன் ஒரு ஹோட்டலின் லிங்க்கை அனுப்பிவிட்டு உடனே போனும் செய்தான். "அண்ணே, அரண்மனைக்குப் பக்கத்துலயே இருக்கு, வாடகையும் கம்மி. போட்டுடவா?" சித்தப்பா, சித்தி, அவன், அவன் மனைவி, ஆறு வயதுப் பெண். ஐந்து பேருக்கு நான்கு இரவு. "பக்கத்துல எந்த ஸ்டேஷன்?" என்று கேட்டேன். அரண்மனையே பக்கத்தில் இருக்கும்போது ஸ்டேஷன் எதற்கு என்று அவனுக்குப் புரியவில்லை.

பாங்காக்கில் வாடகையைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஆறேழு கிலோமீட்டர் தூரத்தை மாலை ஐந்து மணிக்குக் காரில் கடக்க ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அதே தூரத்துக்கு ரயிலில் கால் மணி நேரம். நான் மூன்று முறை போய் மூன்று பகுதிகளில் தங்கியிருக்கிறேன். அறையில் மிச்சம் பிடித்த காசை டாக்ஸிக்குக் கொடுத்துவிட்டு வந்த அனுபவமும் உண்டு.

முதலில் அவன் பார்த்து வைத்த இடம். ரத்தனகோசின் என்று சொல்லப்படும் பழைய நகரம். 1782இல் மன்னர் முதலாம் ராமா தலைநகரை சாவோ பிரயா ஆற்றின் இந்தக் கரைக்கு மாற்றிக் கட்டிய பகுதி. அரண்மனை, மரகத புத்தர் கோவில், 46 மீட்டர் நீளத்துக்குப் புத்தர் சாய்ந்திருக்கும் வாட் போ எல்லாம் இங்கேதான். எதிர்க்கரையில் வாட் அருண். அருணன் என்ற நம் பெயரேதான், விடியலின் கோவில்.

இங்கே தங்குவதில் ஒரு பெரிய லாபம் காலை நேரம். அரண்மனை எட்டரைக்குத் திறக்கும். வேன்களில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்து இறங்குவதற்குள் உள்ளே போய்விடலாம். பத்தரைக்கு மேல் அந்த முற்றத்தில் நிற்பது நம் ஊர் ஏப்ரல் மாதக் கோவில் பிரகாரத்தில் வெறுங்காலோடு நிற்பது போலத்தான். பார்த்து முடித்ததும் நடந்தே அறைக்கு வந்து, மதியம் ஒரு தூக்கம் போட்டு, மாலையில் தா தியென் படகுத்துறைப் பக்கம் போனால் வாட் அருணுக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம். வேறு பகுதியில் தங்குகிறவர்களுக்கு அந்த மதியத் தூக்கம் கிடையாது.

இன்னொன்று, நமக்கென்றே உள்ளது. சாவ் சிங் சா என்ற பெரிய சிவப்பு ஊஞ்சல் இந்தப் பகுதியில் நிற்கிறது. பக்கத்திலேயே 1784இல் கட்டிய தேவஸ்தானம், தாய்லாந்து அரச பிராமணர்களின் கோவில். மார்கழி, தையை ஒட்டி அங்கே நடக்கும் சடங்குக்கு திரியம்பாவாய், திரிபாவாய் என்று பெயர். திருவெம்பாவையும் திருப்பாவையும்தான். உச்சரிப்பு உருமாறிவிட்டது, பெயர் மட்டும் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஊஞ்சலில் ஆள் ஏறி ஆடும் வழக்கம் 1930களில் நின்றுபோனது, கோவிலுக்குள் சடங்கு தொடர்கிறது. பயணிகள் பெரும்பாலும் ஊஞ்சலோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், கோவிலுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை.

சரி, குறை என்ன? ரயில்தான். சாம் யோட், சனாம் சாய் என்று மெட்ரோ நிலையங்கள் 2019இல் வந்தன, ஆனால் அவை பழைய நகரின் தெற்கு ஓரத்தில் இருக்கின்றன. மலிவான விடுதிகள் எல்லாம் வடக்கே, காவோ சான் தெருவைச் சுற்றி. அங்கிருந்து சனாம் சாய்க்கு இரண்டு கிலோமீட்டர் வரும். (காவோ சான் என்றால் அரிசி. ஒரு காலத்தில் அரிசி மண்டி, இப்போது விடிய விடிய பாட்டு.) இருட்டிய கொஞ்ச நேரத்தில் ஆற்றுப் படகுகள் நின்றுவிடும். அதற்குப் பிறகு வெளியே போய்த் திரும்புவது என்றால் டாக்ஸி அல்லது கிராப் ஆப்பில் கூப்பிடும் வண்டிதான். வாசலில் காத்திருக்கும் துக் துக்காரர் "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு கோவில் காட்டுகிறேன்" என்பார். அப்படிச் சொன்னால் அரண்மனை திறந்திருக்கிறது என்று அர்த்தம். அவர் கூட்டிப்போவது நகைக்கடைக்கு.

என் முதல் பயணத்தில் இந்தப் பக்கம்தான் தங்கினேன். அம்மாவோடு. அறை நான்காவது மாடி, லிஃப்ட் இல்லை. அம்மா மூன்று நாளும் காலையில் இறங்கினால் ராத்திரிதான் ஏறினார். மதியத் தூக்கம் என்று மேலே சொன்னேனே, அது எனக்கு மட்டும்தான் நடந்தது.

சுகும்வித் முற்றிலும் வேறு ஊர். கண்ணாடிக் கட்டடங்கள், மால்கள், தலைக்கு மேலே 1999இல் ஓடத் தொடங்கிய பி.டி.எஸ் ரயில். நிறையப் பயணிகள் இங்கேதான் தங்குகிறார்கள், காரணம் அசோக் சந்திப்பு. மேலே பி.டி.எஸ், கீழே மெட்ரோ. சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து ஏர்போர்ட் ரயிலில் மக்காசான் வந்து, நடந்து பெட்சபுரி மெட்ரோவுக்குள் நுழைந்தால் அடுத்த நிலையமே சுகும்வித். பலரும் கவனிக்காத ஒன்று சொல்கிறேன். அதே மெட்ரோவின் நீல வழித்தடம் இப்போது வண்டி மாறாமல் சனாம் சாய் வரை போகிறது, ஒன்பதாவது நிலையம். "சுகும்வித்தில் தங்கினால் அரண்மனை தூரம்" என்று பழைய பயணக் கட்டுரைகள் சொல்வது 2019க்கு முந்தைய கதை.

ஒன்று மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். மெட்ரோவும் பி.டி.எஸ்ஸும் வேறு வேறு நிறுவனங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால் மறுபடி டிக்கெட். ஐந்து பேர் என்றால் அந்தக் கணக்கு கூடிக்கொண்டே போகும்.

இங்கே சந்து எண்களில் நானே ஏமாந்திருக்கிறேன். வடக்குப் பக்கச் சந்துகளுக்கு ஒற்றைப்படை எண், தெற்குக்கு இரட்டைப்படை. ஆனால் இரண்டு பக்கமும் சமமாக நகராது. 55ஆம் சந்துக்கு எதிரே ஏறக்குறைய 38ஆம் சந்து வரும். 40ஆம் சந்து 39க்கு எதிரே இருக்கும் என்று நம்பிப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன், பாதியில் சட்டை நனைந்துவிட்டது. அப்புறம், "பி.டி.எஸ் பக்கம்" என்று போட்டிருக்கும் ஹோட்டல் சந்துக்குள் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்ட பைக் டாக்ஸிக்காரர்கள் சந்து முனையில் நிற்பார்கள். தனி ஆளுக்கு அது வசதி. சித்தியைப் பைக்கின் பின்னால் உட்கார வைக்க முடியுமா?

நானா நிலையத்தைச் சுற்றி இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் ஏராளம், பெரும்பாலும் வட இந்தியச் சமையல். அதே நானாவில்தான் இரவு விடுதிகளும். இளவட்டங்கள் நாலு பேராகப் போனால் அதுவே காரணமாக இருக்கும், குடும்பத்தோடு போகிறவர்கள் ராத்திரி எட்டு மணிக்கு மேல் எந்தத் தெரு வழியாகத் திரும்புகிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அசோக்கிலிருந்து கிழக்கே நகர நகர அது குறைந்துவிடும், வாடகை குறையாது.

மூன்றாவது சீலோம், அதிலும் குறிப்பாக சுரசாக், சபான் தக்சின் நிலையங்களை ஒட்டிய மேற்குப் பகுதி. என் ஓட்டு இதற்குத்தான், அதை மறைக்கப் போவதில்லை. சபான் தக்சினில் பி.டி.எஸ்ஸை விட்டு இறங்கினால் காலடியில் சாத்தோன் படகுத்துறை. ரயிலும் ஆறும் கைகோக்கும் இடம். காவிக் கொடிப் படகு 16 பாட், நம் காசுக்கு ஐம்பது ரூபாய்க்குள். சாவோ பிரயாவின் காற்றில் அரை மணி நேரத்துக்குள் அரண்மனைப் பக்கத்துத் துறைகளான தா தியென், தா சாங். போக்குவரத்து நெரிசல் என்ற பேச்சே இல்லை. படகுத்துறையில் நுழைந்ததும் சுற்றுலாப் படகுக்கு டிக்கெட் விற்க ஒருவர் கூப்பிடுவார், அது நீலக்கொடி, விலை அதிகம். கொடி நிறத்தைப் பார்த்து வரிசையில் நில்லுங்கள். ஆறு வயதுப் பெண் அரண்மனையை மறந்துவிடும், படகை மறக்காது.

சீலோம் சாலையில் பான் தெரு முனையில் மாரியம்மன் கோவில். 19ஆம் நூற்றாண்டில் வந்து குடியேறிய தமிழர்கள் கட்டியது. ஊர்க்காரர்கள் வாட் கேக் என்பார்கள், கேக் என்றால் இந்தியர்களையும் அந்தப் பக்கத்து மக்களையும் குறிக்கும் சொல். உள்ளே போனால் கும்பிடுகிறவர்களில் பெரும்பாலானோர் தாய்லாந்துக்காரர்கள். அவர்கள் கையில் தேங்காயும் பூவும், முன்னே நம் ஊர்க் கோபுரம். படம் எடுக்க அனுமதியில்லை. நவராத்திரி முடிந்து விஜயதசமி இரவில் அம்மன் ஊர்வலம் வரும்போது சீலோம் சாலையே நிரம்பிவிடும். அக்கம்பக்கத்தில் இட்லி, தோசை கிடைக்கும் கடைகள் உண்டு. மூன்றாம் நாள் சித்தப்பாவுக்கு அது தேவைப்படும்.

சாப்பாடு என்றதும் சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எந்தப் பகுதியில் தங்கினாலும் காய்கறிப் பொரியலில்கூட மீன் சாறு ஊற்றுவார்கள். "மங்சவிரத்" என்று சொல்லிப் பாருங்கள், மாமிசம், விரதி (விலகி இருப்பது) என்ற வடசொற்களிலிருந்து வந்த தாய்லாந்துச் சொல். முட்டை வரலாம். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் "ஜே" என்று போட்ட கடையில் முட்டையும் கிடையாது, வெங்காயம் பூண்டும் கிடையாது.

சீலோமிலும் குறை உண்டு. கிழக்கு முனையில், சாலா தேங் நிலையத்தருகே, பட்போங் என்ற இரவு விடுதித் தெரு. நானாவைப் பற்றிச் சொன்னது அதற்கும் பொருந்தும். ஆற்றங்கரையை ஒட்டிய ஹோட்டல்கள் நம் பட்ஜெட்டுக்கு எட்டாது, இரண்டு தெரு உள்ளே தள்ளித் தேட வேண்டும். பழைய நகரத்து விடுதியைவிட ஓர் இரவுக்குக் கொஞ்சம் கூடத்தான் ஆகும். சுவர்ணபூமியிலிருந்து ரயிலில் வந்தால் பயா தாய், சயாம் என்று இரண்டு இடத்தில் மாற வேண்டும். பெட்டிகளோடு ஐந்து பேர் என்றால் பெரிய வண்டியாகப் பார்த்து டாக்ஸி பிடிப்பதே மேல். மீட்டருக்கு மேல் விமான நிலையக் கட்டணமும் விரைவுச் சாலைச் சுங்கமும் நம் கணக்கில். டான் முவாங்கில் இறங்குகிறவர்கள் இந்தக் கணக்கையெல்லாம் மாற்றிப்போட வேண்டும். அது ஊரின் வடக்கே உள்ள வேறு விமான நிலையம். மலிவு டிக்கெட்டுகள் பலவும் அங்கேதான் இறக்கிவிடும், டிக்கெட்டில் எந்தப் பெயர் என்று பாருங்கள்.

பிரதுநாமையும் யாவராட்டையும் விட்டுவிட்டாயே என்று கேட்பீர்கள். பிரதுநாம் மொத்தத் துணி வாங்க வருகிறவர்களுக்கு. மூட்டையோடு ரயிலேற வேண்டாம், கீழே இறங்கினால் கடை. யாவராட் என்ற சீனத் தெருவுக்கு வாட் மங்கோன் மெட்ரோவில் மாலை ஏழுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம், அந்தச் சத்தத்தில் பெரியவர்களைத் தூங்க வைக்க வேண்டாம்.

தனியாக, முதுகுப் பையோடு, கோவில்களுக்காகவே போகிற ஆள் என்றால் நான் பழைய நகரத்தைத்தான் சொல்லியிருப்பேன். பிரா ஆதித் தெருப் பக்கம், காவோ சான் இரைச்சல் எட்டாத தூரத்தில். இரண்டு இரவு மட்டும், ஷாப்பிங் முக்கியம் என்றால் அசோக். சித்தப்பா குடும்பத்துக்கு இரண்டுமே ஒத்துவராது. அரண்மனைக்கு 500, வாட் போவுக்கு 300, வாட் அருணுக்கு 200 என்று பெரியவர் ஒருவருக்கே நுழைவுச் சீட்டு 1,000 பாட் ஆகிற ஊரில், அறையில் சில நூறு மிச்சம் பிடித்து முழங்காலைக் கெடுத்துக்கொள்வானேன்?

எல்லாம் சொன்ன பிறகு சுரசாக் பக்கத்தில், லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டே அறை போட்டான். நேற்று மறுபடி போன். "அண்ணே, இவ கேக்குறா, அங்கருந்து பிரதுநாம் எத்தனை ஸ்டேஷன்?" சயாமில் மாறி சித் லோமில் இறங்கி நடக்கச் சொன்னேன். திரும்பி வரும்போது டாக்ஸி பிடிக்கவும் சொன்னேன்.