ப்ளூடூத் வெயிட் மெஷின்: ஏழு மாசம் தினமும் ஏறி நின்ன அனுபவம்

வாங்கி ரெண்டே நாள்ல "சூப்பர்"னு போடற ரிவ்யூ இல்ல இது. ஏழு மாசமா காலைல எழுந்து பாத்ரூம் போயிட்டு வந்து, ஒரு வாய் தண்ணிகூட குடிக்காம இதுமேல ஏறி நின்னிருக்கேன். கண்ணாடித் தட்டு, கால் வைக்கிற இடத்துல வெள்ளிக் கலர் பட்டை, போனுக்கு ஒரு ஆப். பிராண்ட் பேர் போடல. ஆப்பை நல்லா திட்டப்போறேன், வீண் வம்பு எதுக்கு.

மெஷின் எடையை சரியாத்தான் காட்டுது. வந்த அன்னிக்கே டெஸ்ட் பண்ணினேன், ஏறி நின்னு நம்பர் பார்த்துட்டு அரை லிட்டர் தண்ணிய மடக்மடக்னு குடிச்சுட்டு திரும்ப ஏறினா கரெக்டா அரை கிலோ கூட காட்டுச்சு. நீங்களும் பண்ணிப் பாருங்க, அரை லிட்டர் தண்ணிக்கே நம்பர் அவ்ளோ நகரும்னா நேத்தைக்கும் இன்னிக்கும் நடுவுல 800 கிராம் ஏறினா அது கொழுப்பு இல்லன்னு தானா புரியும். வழவழன்னு சமமான தரைல வைக்கணும், கால்மிதி மேல வச்சா வாய்க்கு வந்ததை சொல்லும்.

கொழுப்பு சதவீதம், தசை, "உடம்போட வயசு"ன்னு என்னென்னமோ காட்டும், அதை நம்பி இதை வாங்காதீங்க. ஒரு கால் வழியா நமக்கே தெரியாத அளவு சின்ன கரண்ட் விட்டு இன்னொரு கால் வழியா வாங்கி, நடுவுல எவ்ளோ தடைன்னு பார்த்து, அதோட வயசு உயரம்லாம் சேத்து ஒரு ஃபார்முலால போடற கணக்குதான் அது. உடம்புல தண்ணி கூடினா குறைஞ்சா அந்தக் கணக்கும் ஆடும். ஒரே நாள்ல காலைல 38 சதவீதம், சாயங்காலம் 36னு காட்டுச்சு, ஒரு பகல்ல ஒன்றரை கிலோ கொழுப்பு எங்க ஓடிச்சுன்னு எனக்கும் தெரியல அதுக்கும் தெரியல. பேஸ்மேக்கர் வச்சிருக்கறவங்க இந்த கரண்ட் விடற மெஷின்ல ஏறவே கூடாது, பெட்டில போட்டிருக்கு ஆனா எறும்பு சைஸ் எழுத்துல.

இப்ப ஆப். முதல் நாள் எடை 84.6. "வாரத்துக்கு எவ்ளோ குறைக்கணும்"னு கேட்டுச்சு, நான் ஆசைப்பட்டு ஒன்றரை கிலோன்னு போட்டேன், ஒரு கேள்வி கேக்காம ஓகேன்னுடுச்சு. இதுதான் எனக்கு பெரிய கோபம். ஒரு கிலோ கொழுப்புக்கு சுமாரா 7700 கலோரின்னு வச்சா ஒன்றரை கிலோவுக்கு தினமும் 1650 கலோரி குறைக்கணும். நான் மொத்தமா செலவழிக்கறதே 2000 பக்கம்தான், மிச்சத்துல எப்படி வாழறது? டாக்டர்கிட்ட காட்டினப்போ சிரிச்சுட்டு, வாரத்துக்கு அரை கிலோல இருந்து ஒரு கிலோ வரைக்கும் போதும், அதுக்கு மேல வேகமா இறக்கினா கொழுப்போட தசையும் போகும், பித்தப்பைல கல்லு வரவும் வாய்ப்பு கூடும்னாங்க. அரை கிலோன்னு மாத்தினேன். தினம் 550 கலோரி, அது மனுஷனால முடியற விஷயம்.

ஆனா முதல் பத்து நாள்லயே 2.3 கிலோ இறங்கிடுச்சு! ஆப்ல பட்டாசு வெடிக்குது, பேட்ஜ் குடுக்குது. நானும் துள்ளிக் குதிச்சேன். அது பெரும்பாலும் தண்ணின்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. கல்லீரல்லயும் தசைலயும் கிளைக்கோஜன்னு மாவுச்சத்தை சேமிச்சு வச்சிருக்கும், ஒவ்வொரு கிராமும் கூடவே மூணு கிராம் தண்ணிய பிடிச்சு வச்சிருக்கும், சாப்பாடு குறைஞ்சதும் ரெண்டும் சேந்து காலியாகுது. இதை ஆப் அன்னிக்கே ஒரு வரில சொல்லிருந்தா மூணாவது வாரம் 400 கிராம்தான்னு பார்த்து நான் மூஞ்சிய தூக்கி வச்சிருக்க மாட்டேன்.

மூணாவது மாசம் எடை இறங்கறது நின்னுடுச்சு. 77.4, 77.9, 77.1, 78, திரும்ப 77.5. அஞ்சு வாரம். எங்க வீட்டுக்காரர் "மெஷின்ல பேட்டரி போயிருக்கும்"னார், நானும் நிஜமாவே மாத்திப் பார்த்தேன்னா பாத்துக்கோங்க.

இந்த மெஷினை தூக்கிப் போடாம இருந்ததுக்கு ஒரே காரணம் ஆப்ல உள்ள மெனுவுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கற சராசரிக் கோடுதான். தினசரி நம்பரை விட்டுட்டு கடைசி ஏழு நாளோட சராசரிய மட்டும் கோடா போடும். தினசரி புள்ளியெல்லாம் குரங்கு மாதிரி குதிச்சாலும் கோடு அமைதியா போகும். அந்த அஞ்சு வாரத்துல பீரியட்ஸுக்கு முன்னாடி வாரம் மேல போகுது, அப்புறம் இறங்குது, மொத்தத்துல மயிரிழை அளவு கீழ. இஞ்ச் டேப் வச்சு பார்த்தா இடுப்பு 2 செமீ குறைஞ்சிருக்கு. நிக்கறதுக்கு காரணமும் இருக்கு, 84 கிலோ உடம்ப சுமக்க ஆகற செலவு 77 கிலோவுக்கு ஆகாது, அதுபோக உடம்பும் கொஞ்சம் சிக்கனமாயிடும், நமக்கே தெரியாம நடை குறையும், உக்காந்தா எழுந்திருக்க மனசு வராது. சாப்பாட்டு அளவும் கண்ணுக்குத் தெரியாம கூடிடும், என்னோடது கூடியிருந்துச்சு, மறுபடி அளந்து பார்த்தப்பதான் மாட்டினேன்.

அந்த நேரம் ஆப் என்ன பண்ணுச்சு தெரியுமா? "நீங்க இலக்கைவிட பின்தங்கியிருக்கீங்க"ன்னு தினமும் நோட்டிஃபிகேஷன், கூடவே "கலோரியை இன்னும் குறைக்கவா"ன்னு ஒரு பட்டன். எரியற நெருப்புல எண்ணெய். ஆஃப் பண்ணிட்டேன், முதல் நாளே ஆஃப் பண்ணிடுங்க. கலோரிய தொடல, நடையை மட்டும் கூட்டி அளவை சரி பண்ணினேன், அப்புறம் வாரத்துக்கு 250 கிராம் மாதிரி நகர ஆரம்பிச்சுது. இன்னிக்கு 73.5. டாக்டர் முதல்ல கேட்டதே எடைல 5 சதவீதம்தான், அந்த அளவு குறைஞ்சாலே பிரஷர் சுகர்ல வித்தியாசம் தெரியும்னாங்க, என் பிரஷரும், எடை நின்னுபோன அந்த மாசமே இறங்கி வந்திருந்துச்சு. அது எந்த ஸ்கிரீன்லயும் வரல.

நம்பர் பார்த்தா சாப்பாட்டையே வெறுக்கிற ஆளா இருந்தா இது வேணாம், நிஜமா, இஞ்ச் டேப் போதும். மத்தவங்க வாங்கலாம். மெஷினுக்கு நாலு ஸ்டார், ஆப்புக்கு ரெண்டு, அந்த ஒளிச்சு வச்ச கோட்டுக்கு மட்டும் அஞ்சு. அது செட்டிங்ஸ்ல "மேலும்"ங்கற இடத்துல கடைசில இருக்கு, நான் கண்டுபிடிக்கவே நாலு மாசம் ஆச்சு.