தாமே சொன்ன சாட்சியா, பிறர் தந்த சாட்சியா?

தாம் கடவுளால் அனுப்பப்பட்டவர் என்ற இயேசுவின் கூற்றுக்கு விவிலியத்தின் யோவான் நற்செய்தி இருவேறு ஆதாரங்களை முன்வைக்கிறது. 38 ஆண்டுகள் நோயுற்றிருந்தவரை ஓய்வுநாளில் குணமாக்கிய பின் எழுந்த வாதத்தில் (5ஆம் அதிகாரம்), தன்னைப் பற்றித் தானே தரும் சாட்சி செல்லாது என்று ஒப்புக்கொண்டு, திருமுழுக்கு யோவான் (மக்களுக்குத் திருமுழுக்கு அளித்தவர்; நற்செய்தி நூலின் யோவான் அல்ல), தம் செயல்கள், தந்தையாகிய கடவுள், மறைநூல் ஆகியவற்றை அவர் சாட்சிக்கு அழைக்கிறார். இரண்டு மூன்று சாட்சிகளைக் கோரும், பழைய ஏற்பாட்டின் உபாகம நூலில் உள்ள சட்டத்திற்கு இது முற்றிலும் பொருந்துகிறது.

8ஆம் அதிகாரத்திலோ, எங்கிருந்து வந்தேன் என அறிந்திருப்பதால் தம் சாட்சியே உண்மை என்கிறார். இரண்டாம் சாட்சி தந்தை. அந்தத் தந்தை எங்கே என்று பரிசேயர் (யூத சமயக் குழுவினர்) கேட்டது, என் பார்வையில், நியாயமான கேள்விதான்.

வெளியிலிருந்து ஆராய்பவருக்கு, பிறர் சாட்சியை நாடும் முதல் வழியே வலுவானது. ஆயினும் அந்த நால்வகைச் சாட்சிகளில் நற்செய்திகளுக்கு வெளியே எளிதில் சரிபார்க்கக்கூடியவர் திருமுழுக்கு யோவான் ஒருவரே; முதலாம் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் அவரை நல்லவர் என்றும், மக்களை நீதிவழிக்கு அழைத்தவர் என்றும், ஆட்சியாளர் ஏரோதுவால் கொல்லப்பட்டவர் என்றும் குறிப்பிடுகிறார். ஆனால் அப்பகுதியில் யோவான் இயேசுவுக்குச் சாட்சி சொன்னதாக ஒரு சொல்லும் இல்லை. இரண்டாம் வழியோ, தந்தையை ஏற்கெனவே அறிந்ததாக நம்புபவரிடம் மட்டுமே எடுபடும்.